வேலை, குடும்பம், இணையவழிப் படிப்பு: எப்படிச் சமாளிப்பது?

உட்லண்ட்ஸ் வாசி (சிங்கப்பூர்): எனக்கு வயது 42. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கணினியைத் திறந்தால் கண் சொக்குகிறது. இணையவழிப் பட்டயப்படிப்பைத் தொடர வழியுண்டா?

மறுமொழி 1: இரவுப் படிப்பை விட்டுவிடுங்கள். நான் விரிவுரைப் பதிவுகளைப் பெருவிரைவு ரயிலில் கேட்டேன். ஒப்படைப்புகளை எழுத மட்டும் சனிக்கிழமை காலை வட்டார நூலகத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்தேன். அந்நேரம் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவரின்றி அது நடந்திருக்காது.

மறுமொழி 2: பருவத்துக்கு ஒரு பாடம் போதும். நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை, அதாவது பயிற்சிக் கட்டணத்துக்கான அரசாங்க உதவி, உண்டு. அது தெரிவுசெய்யப்பட்ட பயிற்சிகளுக்கே என்பதால், பதியுமுன் உங்கள் படிப்பு பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி: மிக்க நன்றி. சனிக்கிழமை ஏற்பாட்டைப் பற்றி இன்றே மனைவியிடம் பேசுகிறேன்.