சிக்கன நடவடிக்கை: கிரீஸ் சரிந்தது, இலங்கை எழுந்தது. ஏன்?

தேக்காவாசி:
2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற இலங்கை, வரியை ஏற்றி, மானியத்தைக் குறைத்து, 2024இல் 5 விழுக்காடு வளர்ந்தது. 2010 முதல் அதே வழியில் போன கிரீஸின் பொருளியலில் கால்வாசி கரைந்தது. நொடித்த நாட்டுக்குச் சிக்கனம் மருந்தா, நஞ்சா? 2020இல் சிங்கப்பூர் நேர்மாறாக வாரிக் கொடுத்ததே, அது எல்லாருக்கும் பொருந்துமா?

கணக்குப்பிள்ளை:
உற்பத்தி 100, கடன் 100 என்று வையுங்கள். அரசாங்கம் செலவில் 1 குறைக்கிறது. ஒரு வெள்ளி (டாலர்) வெட்டுக்கு உற்பத்தி ஒன்றரை வெள்ளி சுருங்கினால் 98.5 ஆகும். உற்பத்தியில் 40 விழுக்காடு வரியாக வரும் நாட்டில் 0.6 வரி போச்சு, மிச்சம் பிடித்தது 0.4தான். கடன் 99.6, அதாவது உற்பத்தியில் 101.1 விழுக்காடு. வெட்டிய பிறகு சுமை ஏறியிருக்கிறது! சுருக்கம் அரை வெள்ளிதான் என்றால் 99.7க்கு இறங்கும்.

கிரீஸில் இடறியது இங்கேதான். ஒரு வெள்ளி வெட்டுக்கு உற்பத்தி எவ்வளவு சுருங்கும் என்பதைப் பெருக்கி என்பார்கள். அது 0.5 அளவில் இருக்கும் என்று போட்ட முன்கணிப்புகள் தவறாகின; நெருக்கடிக்குப் பிறகு அது 0.9 முதல் 1.7 வரை இருந்ததாக அனைத்துலகப் பண நிதியமே 2012இல் சொன்னது. யூரோவில் இருந்ததால் நாணய மதிப்பை இறக்கவும் வழியில்லை. 2013இல் வேலையின்மை 27 விழுக்காடு.

வரவுசெலவு:
இலங்கையைச் சிக்கனத்தால் மீண்ட நாடு என்பதை ஏற்க மாட்டேன். அங்கே ஓட்டை வரவில் விழுந்தது. 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். 2024இல் 18 ஆக்கியதில் பெரும்பகுதி அந்த ஓட்டையை அடைத்ததுதான். ரூபாயின் மதிப்பும் இறங்கியது, வெளிக்கடன் தவணைகளும் நின்றன, சுற்றுப்பயணிகளும் திரும்பினார்கள். கிரீஸுக்கோ கடன் தள்ளுபடியே 2012இல்தான் கிடைத்தது. அந்த 5 விழுக்காடும் இரண்டாண்டுச் சரிவுக்குப் பின் வந்தது. 2021இல் 13 விழுக்காடாக இருந்த வறுமை 2022இல் 25 ஆனதாக உலக வங்கி மதிப்பிட்டதை விட்டுவிட்டு வளர்ச்சியை மட்டும் பேசுவது நியாயமில்லை.

சிங்கப்பூர் 2020இல் 52 பில்லியன் வெள்ளிவரை சேமிப்பிலிருந்து எடுக்கத் தயாரானது. சேர்த்து வைக்காத நாடு அதைச் செய்ய முடியாது. தவிர, இங்கே செலவிடும் பணத்தில் பெரும்பங்கு இறக்குமதிக்குப் போய்விடும். அதனால்தான் மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் 25 முதல் 75 விழுக்காட்டை முதலாளிக்குக் கொடுத்து வேலைகளைக் காத்தார்கள். 1986இல் மசேநிதிக்கு (ஊழியரின் ஓய்வுக்கால மத்திய சேமநிதிக்கு) முதலாளி கட்டும் சந்தாவை 25இலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்ததைச் சிலர் சிக்கனம் என்கிறார்கள். அது நிறுவனங்களின் செலவுக் குறைப்பு, வேறு விஷயம்.

தேக்காவாசி:
வெட்டியே ஆகவேண்டும் என்றால் எங்கே கைவைப்பது?

கணக்குப்பிள்ளை:
சாலை, வடிகால், மின்கம்பிப் பராமரிப்பில் வேண்டாம். அவை போராட்டம் நடத்தாது என்பதால் அங்கேதான் முதலில் வெட்டுவார்கள். பிறகு பழுதுபார்ப்பு பலமடங்காக வரும். எரிபொருள் மானியத்தில் தொடங்கலாம், நிறைய வண்டி வைத்திருப்பவருக்குத்தான் அது அதிகம் போகிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஏழைக் குடும்பங்களின் பட்டியலைச் சரிபார்த்து வங்கிக் கணக்கில் பணம் போகட்டும், அதற்குப் பிறகு விலையை ஏற்றுங்கள்.