மோடம் வாடகை 100 ரூபாய், சொந்தமாக வாங்கிவிடலாமா? (சேலம், அம்மாபேட்டை)

தறிவீட்டுக்காரன்

வணக்கம். வீட்டில் நெட் போட்டு நாலு வருடம் ஆகிறது. எங்கள் தெருவுக்கு டிவி கேபிள் கொடுக்கிற அதே ஆபரேட்டர்தான் நெட்டும் கொடுக்கிறார். மாதம் 599, அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுபோக மோடம் வாடகை என்று தனியாக 100. வாடகை மட்டுமே இதுவரை 4,800 ரூபாய் போயிருக்கிறது, அந்த வெள்ளை டப்பாவைப் பார்த்தால் அதில் பாதி விலைகூடப் பெறாது என்றுதான் தோன்றுகிறது.

பிளான் 150 எம்பி. ஒயரை லேப்டாப்பில் நேராகச் சொருகிப் பார்த்தாலும் 93, 94தான் வருகிறது, அதைத் தாண்டியதே இல்லை. கீழே தறி ஓடுகிற சத்தத்தில் மீட்டிங் பேச முடியாது என்று பெண் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், அங்கே வைஃபை 8 வந்தால் அதிர்ஷ்டம்.

என் மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே மோடத்துக்கு மாதம் 15 டாலர் வாடகை கேட்டார்களாம், இவர் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கி மாட்டி ஒரு வருடத்துக்குள் போட்ட காசை எடுத்துவிட்டாராம். "டாக்சிஸ் 3.1 மோடம் ஒன்று தை மாதம் வரும்போது எடுத்து வருகிறேன் மாமா, மாட்டினால் போதும்" என்கிறார். மாட்டினால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லைன்மேன்

முதலில் மைத்துனருக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணே, மீதியை அப்புறம் பேசலாம்.

டாக்சிஸ் என்பது டிவி கேபிள் ஒயரில், அதாவது செம்புக் கம்பி உள்ள கோஆக்ஸ் ஒயரில், நெட் ஓட்டுகிற முறை. உங்கள் வீட்டுக்கு வருவது அந்த ஒயர்தானா என்று நீங்கள் எழுதவே இல்லை. கேபிள்காரர் கொடுக்கிறார் என்பதாலேயே அது கேபிள் மோடம் ஆகிவிடாது, டிவிக்கு ஒரு ஒயரும் நெட்டுக்கு ஃபைபரும் தனித்தனியாக இழுத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

டப்பாவின் பின்னால் பாருங்கள். விரல் பருமனில் பாதி இருக்கிற ஒயர், நடுவில் ஊசி போலச் செம்பு நீட்டிக்கொண்டு, திருகி மாட்டுகிற மாதிரி இருந்தால் கோஆக்ஸ். மெல்லிய ஒயர், முனையில் பச்சையோ நீலமோ சதுர பிளக், டக்கென்று சொருகுகிற மாதிரி இருந்தால் ஃபைபர். ஃபைபராக இருந்தால் பிளக்கைக் கழற்ற வேண்டாம், கழற்றினாலும் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருகிற லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் கெடுதல்தான்.

கோஆக்ஸ்தான் என்றாலும் அமெரிக்க மோடம் சிக்கல். அங்கே ஒரு சேனல் 6 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய வகையில் 8. உங்கள் ஆபரேட்டரின் தலைமை இடத்தில் எது ஓடுகிறது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் கம்பெனிகளே "இந்த மாடல்கள் எங்கள் லைனில் ஓடும்" என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் உங்கள் மைத்துனருக்கு அது சுலபமாக முடிந்தது.

அப்புறம் அந்த 94. அது லைன் கோளாறு இல்லை, டப்பாவில் ஒயர் சொருகுகிற லேன் போர்ட் 100 எம்பி போர்ட். அதில் எவ்வளவு தள்ளினாலும் உருப்படியாக 94, 95தான் வெளியே வரும். 150 பிளானுக்குக் காசு வாங்கிக்கொண்டு 100 போர்ட் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சண்டை போடலாம், நியாயம் உங்கள் பக்கம்.

ஒண்டிக்கடை_காப்பி

நான் ஏற்காடு. எங்களுக்கு நிஜமாகவே கோஆக்ஸ் லைன்தான், சொந்த மோடம் வாங்கி அனுபவிச்சவன் என்பதால் எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் ஊர் மாறும்போது தன் டாக்சிஸ் 3.0 மோடத்தை 1,500 ரூபாய்க்குக் கொடுத்தார். கொண்டு வந்து மாட்டினேன், விளக்கெல்லாம் அழகாக எரிந்தது, நெட் மட்டும் வரவில்லை. கேபிள் மோடத்தைச் சும்மா மாட்டினால் ஓடாது, அதன் மேக் ஐடியை, அதாவது ஒவ்வொரு டப்பாவுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, ஆபரேட்டர் தன் கணினியில் ஏற்றினால்தான் பேசும். என் மோடத்தின் ஐடி பழைய ஆள் பெயரிலேயே கிடந்தது. அவர் எழுதிக் கொடுத்து, இவர்கள் நீக்கி, பிறகு என் பெயரில் ஏற்றி முடிக்க ஒன்பது நாள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகும் மணிக்கு ஒரு தடவை அறுந்தது. பிரவுசரில் 192.168.100.1 போட்டால் பெரும்பாலான கேபிள் மோடம்களில் சிக்னல் அளவு காட்டும், போட்டுப் பார்த்தேன், மைனஸ் 14 டிபிஎம்வி. மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, 15ஐத் தாண்டினால் கதை முடிந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பரணுக்குப் பின்னால் மூன்று வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று தொங்குகிறது. ஒரு வழி ஹால் டிவிக்கு, ஒரு வழி எனக்கு, மூன்றாவது என் அப்பா காலத்தில் விற்றுவிட்ட ஒரு டிவிக்கு! மலை ஈரத்தில் கனெக்டர் துருப்பிடித்து, உள்ளே செம்பு ஊசி பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. அதைக் கழற்றி எறிந்து, ஒயர் முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, உள்ளே வரும் இடத்தில் ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் மட்டும் வைத்தேன். மைனஸ் 8. அன்றைக்கு நின்றது அந்த அறுப்பு. செலவு 60 ரூபாய். மோடம் வாங்கியதே தண்டமோ என்று அப்போதுதான் தோன்றியது.

தண்டமேதான் என்று சித்திரை மாதம் தெரிந்தது. எங்கள் மலையில் கோடை மழைக்கு இடி எப்படி விழும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். செம்பு ஒயர் ஆயிற்றே, கம்பத்தில் இறங்கியது நேராக வீட்டுக்குள் வந்து மோடம், ரூட்டர் இரண்டையும் கருக்கிவிட்டது. பக்கத்து வீட்டில் வாடகை மோடம், அதுவும் அதே இரவில் போனது, மறுநாள் பையன் வந்து இலவசமாக வேறு மாட்டிவிட்டுப் போனான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நானும் வாடகைதான், மானத்தோடு.

தறிவீட்டுக்காரன்

பார்த்துவிட்டேன். மெல்லிய ஒயர், பச்சை பிளக். டிவிக்கு வருகிற கறுப்பு ஒயர் தனி. பான் என்று ஒரு விளக்கு பச்சையாக எரிகிறது, லாஸ் என்பது அணைந்திருக்கிறது. லேன் ஓட்டைக்கு மேலே "எஃப்இ" என்று அச்சடித்திருக்கிறது. வைஃபையும் இந்த டப்பாவிலிருந்தேதான், ஹாலில் டிவி பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

அப்படியானால் நான் என்ன வாங்க வேண்டும்?

பழைய_லைன்மேன்

எஃப்இ என்றால் ஃபாஸ்ட் ஈதர்நெட், 100 எம்பி. பெயரில் மட்டும்தான் ஃபாஸ்ட்.

உங்களிடம் இருப்பது மோடமே இல்லை, ஓஎன்யு, அதாவது ஃபைபரில் ஒளியாக வருவதை நெட்டாக மாற்றித் தருகிற டப்பா. மைத்துனரின் டாக்சிஸ் பெட்டியில் இந்தப் பச்சை பிளக்கைச் சொருக ஓட்டையே இருக்காது. லாஸ் விளக்கு அணைந்திருப்பது நல்லதுதான், லைன் அறுந்தால் அது சிவப்பாக மின்னும்.

சொந்த ஓஎன்யு வாங்கலாம், தடையில்லை, ஆனால் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. லைன் ஜிபான் வகையா ஈபான் வகையா என்பது முதல் கேள்வி, ஒன்றுக்கான டப்பா மற்றதில் ஓடாது, எக்ஸ்பான் என்று போட்டு விற்பது இரண்டிலும் ஓடும். பிறகு டப்பாவின் சீரியல் நம்பரை அல்லது மேக் ஐடியை அவர் ஏற்றித் தர வேண்டும், லைனில் நுழைவதற்கான விலான் எண்ணும் பிபிபிஓஇ பெயர், பாஸ்வேர்டும் தர வேண்டும். இதில் ஒன்றை மறைத்தாலும் நீங்கள் வாங்கியது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். நாளைக்கு வேறு ஆபரேட்டருக்கு மாறினால் மறுபடி இதே பாட்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓஎன்யுவில் ஒரு ரூபாய் போட மாட்டேன். வாடகை கொடுக்கிறீர்கள், டப்பா அவருடையது, 150 பிளானுக்குத் தகுந்த கிகாபிட் (1000 எம்பி) போர்ட் டப்பா வை என்று கேளுங்கள். உங்கள் காசை ரூட்டரில் போடுங்கள். ரூட்டர் எந்த ஆபரேட்டர் வந்தாலும் ஓடும், பெரும்பாலும் யாரிடமும் ஐடி ஏற்றச் சொல்லி நிற்க வேண்டாம். கிகாபிட் போர்ட் உள்ள, இரண்டு அலைவரிசையில் வைஃபை தருகிற இரட்டை பேண்ட் ரூட்டர் ஒன்று, ஹாலிலிருந்து மாடிக்கு கேட் 6 என்கிற நெட் ஒயர் ஒன்று. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை ஏறவில்லை என்பதுதான் உங்கள் பெண்ணின் பிரச்சினை, அதற்கு எந்த மோடமும் மருந்து இல்லை.

குகை_கோபக்காரன்

எல்லாம் சரி, ஆனால் வாடகையை அப்படியே விட்டுவிடச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு வருடத்தில் டப்பா விலையைத் தாண்டி வாங்கியாயிற்று. பில்லில் அந்த 100 எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் வாடகை என்று வாயால் சொல்லி வாங்கினார்கள், பில்லில் அப்படி ஒரு வரியே இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தறிவீட்டுக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பில்லில் வாடகை என்ற வரி இருக்கிறது, அதனால் கோபக்காரர் வழி செல்லவில்லை. ஆனால் 94 கணக்கைச் சொன்னதும் ஆபரேட்டர் ஒரு நிமிடம் பேசவில்லை. பையனை அனுப்பி கிகாபிட் டப்பா மாற்றிவிட்டார், வாடகை 100லிருந்து 50 ஆகியிருக்கிறது. ஒயரில் இப்போது 148. ரூட்டர் 2,300, கேட் 6 ஒயர் 25 மீட்டர். தறிக்கு லைன் இழுக்கிற எலெக்ட்ரீஷியனே கரண்ட் ஒயரோடு ஒட்டாமல் தனிப் பைப்பில் கொண்டுபோய் மாடியில் விட்டுக் கொடுத்தார். பெண் அறையில் 130க்குக் குறையவில்லை.

மைத்துனர் நான் போன் போடுவதற்கு முந்தின நாளே மோடத்தை வாங்கிவிட்டாராம். பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறார், திருப்பிக் கொடுக்க.