வீட்டில் பைபோலார்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் அக்கா:

என் தம்பிக்கு பைபோலார். மனம் சில காலம் அளவுக்கு மீறி ஏறியும், சில காலம் அப்படியே சோர்ந்து இறங்கியும் போகிற மனநோய். கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். நோயைப் பற்றிய விளக்கம் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்குள் இது எப்படி நுழைகிறது, எதைப் பிடித்துக்கொண்டால் சமாளிக்க முடிகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைப் பேசலாமே என்றுதான் நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் வந்தது சோர்வு. குளிக்க மாட்டான், போனை எடுக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனைக்குக்கூட எழுந்து வர மாட்டான். ஒரு மருத்துவரைப் பார்த்தோம். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். இதற்கு முன் அளவுக்கு மீறின உற்சாகம் எப்போதாவது வந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது நேர் எதிர்ப்பக்கம் தூக்கிவிட்டுவிடும். இவனுக்கு அப்படித்தான் ஆனது.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால், வீட்டில் இருந்த பாத்திரத்தை எல்லாம் தரையில் பரப்பி, எதில் எத்தனை பேருக்குச் சாம்பார் வைக்கலாம் என்று சாக்பீஸால் தரையிலேயே எழுதிக்கொண்டிருந்தான். மெஸ் ஆரம்பிக்கப் போகிறானாம், முதல் வருஷமே ஐந்து கிளையாம். பாடியில் ஒரு கடைக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது, அம்மாவின் சீட்டுப் பணத்தில். பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சைவிட எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. தூக்கம் கெட்டவனுக்குக் கண் எரியும், தலை பாரமாக இருக்கும். பல ராத்திரியாகத் தூங்காத அவன் முகத்தில் களைப்பே இல்லை.

சொந்தக்காரர்கள் சோளிங்கர் கூட்டிப்போ, ஏர்வாடிக்குக் கூட்டிப்போ என்றார்கள். சாமி கும்பிடுகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்களே, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல்! அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. நேராகக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். முதலில் அவனிடம் பேசினார், அப்புறம் எங்களைத் தனியாக உட்கார வைத்தார். "தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்த காலம் முன்னாடி உண்டா?" அம்மா யோசித்து, காலேஜ் கடைசி வருஷம் அப்படி ஒரு மாதிரி இருந்தான் என்றாள். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?" அம்மா அழுதுவிட்டாள். அவளுடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, திடீர் திடீரென்று இருப்பதை விற்றுவிட்டு ஊர் ஊராகப் போய்விடுவார். பிறகு மாதக்கணக்கில் திண்ணையில் சுருண்டு கிடப்பார். அவர் குணம் அப்படி என்றே ஊரில் பேச்சு. மாமா போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு இருந்தது என்னவென்று எங்களுக்குப் புரிந்தது.

லித்தியம் கொடுத்தார்கள். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் கண்டு சொன்ன மருந்து. இத்தனை வருஷம் ஆகியும் இதற்கு முதல் வரிசையில் நிற்கிறது. ஆரம்பிக்கும் முன் சிறுநீரகம், தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அப்புறம் லித்தியம் அளவு. ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், சில லேபில் கேட்கவே மாட்டார்கள்.

மருந்துக்கு அடுத்து எங்களைக் காப்பாற்றுவது ஒரு நோட்டு. அவன் தெளிவாக இருந்த ஒரு சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, அவனே தன் கையால் எழுதினான். தொடர்ந்து இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அக்கா டாக்டருக்குப் போன் பண்ணலாம், நான் தடுக்க மாட்டேன். அப்போது ஏடிஎம் கார்டும் வண்டிச் சாவியும் அம்மாவிடம் போகும். அட்மிஷன் என்று வந்தால் எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு பக்கத்தில். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கே இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், நம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். சட்டப்படி செய்ய அதற்கென்று முறை இருக்கிறது. வீட்டு நோட்டுக்கு முறை எதுவும் வேண்டாம், அவர் தெளிவாக இருக்கும்போது எழுதினால் போதும். நோய் ஏறின பிறகு நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவன் எழுத்தை அவனிடம் காட்டினால் கேட்கிறான். கோபத்தோடுதான், ஆனாலும் கேட்கிறான்.

மடிப்பாக்கம் மெடிக்கல் ரெப்:

அக்கா, லித்தியம் பற்றி நானும் சொல்ல வேண்டும். எனக்கே பைபோலார்தான். நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற வேலை.

கத்திரி வெயில் நேரம். முதுகுவலி என்று கடையில் கேட்டதற்கு டைக்லோஃபெனாக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கூடவே வயிற்றுப்போக்கு. இரண்டும் சேர்ந்துகொண்டது. காபி டம்ளரை எடுத்தால் பாதி சட்டையில் கொட்டுகிறது. லித்தியத்தில் லேசாகக் கை நடுங்குவது சகஜம்தான், இது தோளிலிருந்து உதறுகிற உதறல். நாக்கு குழறியது. மாடிப்படியில் கால் வைத்தால் படி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. குடித்திருக்கிறேன் என்றே ஹவுஸ் ஓனர் நினைத்தார். மனைவி ஆட்டோ பிடித்து சென்ட்ரல் எதிரே உள்ள பொது மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோனாள். லித்தியம் அளவு ஏறிவிட்டிருந்தது. மருந்தை நிறுத்தி சலைன் ஏற்றி, திரும்பத் திரும்ப ரத்தம் பார்த்து இறக்கினார்கள்.

ரத்தத்தில் லித்தியத்தைப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை (லிட்டருக்கு மில்லிமோல்) வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் அளவை ஏற்றும், சில பிரஷர் மாத்திரையும் ஏற்றும். காய்ச்சல், வலி என்றால் நான் பாராசிட்டமால்தான். சித்திரை, வைகாசியில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வண்டி எடுப்பதில்லை. டயட் என்று யாராவது உப்பைத் திடீரென்று குறைக்கச் சொன்னால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் அன்றைக்கே போன் பண்ணிக் கேளுங்கள். பர்ஸில் "லித்தியம் எடுப்பவர்" என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறேன். என்னை வேலையில் நிறுத்திவைத்திருப்பது அது.

திருவொற்றியூர் மருமகள்:

பெண்களுக்காக ஒன்று. பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் எடுப்பவர்கள் குழந்தை பற்றி யோசிப்பதற்கு முன்பே, இன்னும் சொன்னால் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் கடுமையான பாதிப்பு வரலாம். எனக்கு முன்கூட்டியே மருந்தை மாற்றினார்கள், மெதுவாக, மாதக்கணக்கில். பயந்துபோய் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

பெண் பார்க்க வந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். ஜோசியர் சொன்ன பொருத்தம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்று அப்பாவுக்கு நடுக்கம். அத்தைதான், இப்போது என் மாமியார், ஒரே கேள்வி கேட்டார்: "ராத்திரி நல்லாத் தூங்கினா இது வராதாம்மா?" அப்படி முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் தூக்கம் கெட்டால் வர வாய்ப்பு அதிகம் என்றேன்.

பிரசவத்துக்குப் பிறகான வாரங்கள்தான் எங்களுக்கு மிக ஆபத்தான காலம். மகன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அத்தை தொட்டிலைத் தன் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ பத்து மணிக்குப் படு. ராத்திரிப் பால் என் பொறுப்பு." புட்டிப்பாலா என்று பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். எனக்கு அந்த முறை நோய் வரவில்லை.

ஓய்வு பெற்ற நர்ஸ், அயனாவரம்:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்கம்மா. மனநல வார்டில் வேலை பார்த்தவள் நான். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் கேலி பண்ணிப் பண்ணி, ஒரு வருஷம் முன்னாடியே வர வேண்டியவர்கள் வாசலுக்கு வரவே கூசுகிறார்கள். 1794இல் ஆரம்பித்த இடம் அது. இன்றைக்கு ஓபியில் சீட்டு வாங்கிக் காட்டிவிட்டு, இலவசமாக மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கரண்ட் வைப்பது என்று மின்அதிர்வு சிகிச்சைக்குப் பயப்படுகிறார்களே, மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது. சோர்வு உயிருக்கே ஆபத்தாகப் போகும்போது அது சீக்கிரம் கேட்கும்.

ஏறியிருக்கும்போது வாதாடாதீர்கள். டிவியை அணையுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள், ஒரே ஆள் மெதுவாகப் பேசட்டும். இறங்கியிருக்கும்போது, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் அடிக்கலாம், தமிழில் பேசுவார்கள். சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986லிருந்து இதற்காகவே இருக்கிறது. உடனே ஆபத்து என்று பட்டால் தனியாக விடாமல் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அம்பத்தூர் தம்பி:

அக்கா எழுதியது என்னைப் பற்றித்தான். எல்லாம் உண்மை. ஐந்து கிளை என்று சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, அப்போது அது நிச்சயமாக நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நம்பினேன் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு உங்கள் வீட்டு முகவரி எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், புதுச் சட்டை எடுத்தால், உடனே "மாத்திரை போட்டியா?" என்று வந்துவிடுகிறது. கிரிக்கெட் ஜெயித்தால் எல்லோரும் கத்துகிறார்கள், நான் கத்தினால் மட்டும் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். சந்தோஷமே சந்தேகத்துக்குரியதாக ஆகிவிட்டால் மனிதன் எதற்காக மாத்திரை சாப்பிடுவான்? இதை அக்காவிடம் சொன்னேன். இப்போது அவள் "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று கேட்கிறாள். அது எனக்குச் சரியாக இருக்கிறது. எனக்கும் அந்தப் பதில் தெரிய வேண்டும்.

இன்னொன்று. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் முறை வரப் போகிறது. நைட் ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டர் கடிதம் தருவதாகச் சொன்னார். நோய்ப் பெயரை அதில் போடச் சொல்வதா, "மருத்துவக் காரணம்" என்று மட்டும் போதுமா என்று முடிவு பண்ண முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் மனநோயும் வருகிறது என்பது தெரியும், ஆனால் அதற்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுக்க நான் இன்னும் தயாரில்லை. கம்பெனியில் சொல்லிவிட்டு வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.