மாணவர்களே ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடுதல்: கூகுள் டாக்ஸில் சிக்கல், உதவி தேவை

மேலூர்த் தமிழாசிரியை:
வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் நடத்துகிறேன். பழங்காலக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள அரிட்டாபட்டிக்குப் போய்வந்த 36 பேரையும் ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னேன். நான் திருத்துவதற்கு முன் அவர்களே ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறைநிறை சொல்லட்டும் என்று, கட்டுரைகளைக் கூகுள் டாக்ஸில் ஏற்றி, இணைப்புகளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இணைப்பு வைத்திருப்பவர் யாரும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்தது என் பிழைதான். மறுநாள் காலையில் ஒரு மாணவியின் கட்டுரையில் இரண்டு பத்திகளைக் காணவில்லை. அவளிடம் வேறு படியும் இல்லை.

வந்த கருத்துகளும் பெரும்பாலும் "அருமை", "சூப்பர்" என்பதோடு நின்றுவிட்டன. காரணம் கேட்டால், "பேரு தெரியுதே மிஸ், நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்கிறார்கள். இன்னொருவனின் கட்டுரை டிடிபி கடையில் தட்டச்சு செய்தது. கைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. தொலைந்த பத்திகளை மீட்க வழி உண்டா? பெயரை மறைக்க முடியுமா?

திருமங்கலம் கணினி ஆசிரியர்:
வணக்கம் அம்மா. பத்திகள் எங்கும் போய்விடவில்லை. கோப்பைக் கணினியில் திறந்து, ஃபைல் பட்டியலில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போனால், எந்த நேரத்தில் எது நீக்கப்பட்டது என்பது நிறத்தோடு தெரியும். நீக்கத்துக்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்து மீட்டுக்கொள்ளலாம். மீட்டபின்னும் இடைப்பட்ட பதிப்புகள் அழிவதில்லை என்பதால் தயங்க வேண்டாம். நீக்கியவர் கணக்கில் நுழையாமல் திருத்தியிருந்தால் அவர் பெயர் கிடைக்காது. கிடைத்தாலும் விசாரணையில் இறங்காதீர்கள். கைபேசியில் விரல் பட்டு அழிவது எங்கள் பள்ளியில் வாரம் ஒருமுறை நடக்கிறது.

இனி 'ஷேர்' பகுதியில் எடிட்டர் (திருத்துபவர்) என்பதைக் கமெண்டர் (கருத்து சொல்பவர்) என்று மாற்றிவிடுங்கள். மாணவர்கள் கருத்து எழுதலாம், மாற்றத்தைப் பரிந்துரைக்கலாம். ஆனால் திருத்தும் உரிமை உள்ளவர் ஏற்காதவரை மூலத்தில் ஓர் எழுத்தும் மாறாது. டிடிபி கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அப்படித்தான் தெரியும். எழுத்துரு மாற்றியில் இட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றியபின் ஏற்றுங்கள். ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஒத்தக்கடையிலிருந்து ஒருவர்:
பெயரை மறைப்பதற்குக் கூகுள் டாக்ஸ் ஏற்ற கருவி அன்று. உங்கள் கல்லூரியில் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருள் இருந்தால் அதிலுள்ள 'வொர்க்ஷாப்' என்ற பகுதி இதற்கென்றே அமைந்தது. கட்டுரைகளை அதுவே குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும். எழுதியவர், மதிப்பிட்டவர் இருவர் பெயரையும் அனுமதிகள் வழியாக மறைக்கலாம். கட்டுரைக்கு 80, பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கு 20 என்று இயல்பாகவே மதிப்பெண் பிரிந்திருக்கும், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். "அருமை"க்கு மருந்து அந்த 20தான்; ஒருவரின் மதிப்பீட்டை அதே கட்டுரைக்கு மற்றவர்கள் தந்த மதிப்பீடுகளோடு ஒப்பிட்டே அதைக் கணக்கிடும். ஆனால் ஒரு கட்டுரையை இருவர் மட்டும் மதிப்பிட்டால், யார் சரியாக மதிப்பிட்டார் என்ற ஒப்பீட்டுக் கணக்குக்குப் பொருளில்லை, மூவராவது வேண்டும்.

திருமங்கலம் கணினி ஆசிரியர்:
மூடுல் நல்லதுதான், அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டுமே! 36 பேருக்கு எளிய வழி ஒன்று உண்டு. கட்டுரைகளுக்குப் பெயர் நீக்கி எண் கொடுத்து, உங்கள் கணக்கில் படியெடுத்து, பார்க்க மட்டும் அனுமதியுங்கள். கருத்துகளைக் கூகுள் ஃபார்ம் வழியாக வாங்குங்கள். யார் சொன்னது என்பது உங்களுக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. ஆசிரியரிடமும் பெயரை மறைத்தால் வசை வந்து சேரும். படிவத்தில் "கருத்து" என்று வெறும் கட்டம் வைக்காமல், "எந்த வரியில் உங்களுக்குப் புரியாமல் போயிற்று? அந்த வரியை எடுத்து எழுதுக" என்று கேளுங்கள். அதற்கு "சூப்பர்" என்று பதிலெழுத முடியாது.

மேலூர்த் தமிழாசிரியை:
மிக்க நன்றி ஐயா. பத்திகள் திரும்பக் கிடைத்துவிட்டன. ஃபார்ம் வழியில் 12 பேரை வைத்து முயன்றேன். ஒருவரிடமிருந்து வந்தது இது: "மூன்றாம் பத்தியில் சமணர் படுக்கைக்கு அருகிலுள்ள தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டையும் குடைவரைச் சிவன் கோயிலையும் ஒரே காலத்தவை போல எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு." நானே தவறவிட்டிருக்கக்கூடிய இடம் அது. எழுதியவன் சற்று முகம் சுளித்தான், ஆனாலும் திருத்திக்கொண்டு வந்தான். கருத்துகளை எண் பார்த்து உரியவருக்கு அனுப்பத்தான் ஒரு மாலை முழுவதும் போயிற்று.

ஒரு சந்தேகம்: கமெண்டர் என்று மாற்றினாலும், குழுவில் முன்பு போட்ட பழைய இணைப்பு வழியாகத் திருத்த முடியுமா?

திருமங்கலம் கணினி ஆசிரியர்:
முடியாது அம்மா. இணைப்பு அதேதான், அனுமதி மட்டும் மாறும். மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தனியாக எடிட்டராகச் சேர்த்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு மட்டும் தனித்தனியே மாற்ற வேண்டும்.