பழைய வீடியோ கேம் நினைவுகளைப் படப் புத்தகமாக்குகிறேன், புரூஃபில் படங்கள் எல்லாம் கெட்டு வருகின்றன, உதவி வேண்டும்

தக்கலைத் தங்கை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தக்கலைப் பக்கம். 1995-ல் எங்கள் மாமா குவைத்திலிருந்து லீவுக்கு வந்தபோது அண்ணனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் பெட்டி. பின்கட்டில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கும், அந்த வாடையோடுதான் எனக்கு மாரியோ கேம். அண்ணன் ஆடி முடிகிற வரை காத்திருந்து, பச்சைச் சட்டை லூயிஜியாக இரண்டாவது ஆளாகத்தான் எனக்கு வாய்ப்பு வரும். அண்ணன் இப்போது கத்தாரில். அடுத்த லீவுக்கு வரும்போது அவருக்குக் கொடுக்க, அந்த நாட்களை ஒரு படப் புத்தகமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஏ5 அளவு, 48 பக்கம், 50 பிரதி, விற்பனைக்கு இல்லை, தெருவில் அன்று கூட ஆடியவர்களுக்கு மட்டும். எழுத்தும் வாட்டர் கலர் படங்களும் என்னுடையவை.

அச்சகத்திலிருந்து புரூஃப், அதாவது மாதிரி அச்சு, வந்தது. அழுகையே வந்துவிட்டது. இணையத்தில் எடுத்த கேம் படங்களைப் பக்க அகலத்துக்கு இழுத்துப் போட்டிருந்தேன், எல்லாம் பஞ்சு போல மங்கிப் போயிருக்கின்றன, மாரியோ வேறு ஒல்லியாகத் தெரிகிறார். வீட்டுப் பழைய டிவியில் கேமை ஓடவிட்டு போனில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை. மாரியோவின் வானம் ஊதாவும் சாம்பலுமாக ஏதோ ஒரு நிறம். அச்சகத்தில் கேட்டால் "நீங்க கொடுத்ததைத்தான் அடிச்சோம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் தமிழும் உடைகிறது, "கொ" என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு தனியாக, கால் தனியாக நிற்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கோட்டார் டிடிபி:

தங்கச்சி, முதலில் மங்கலைப் பார்ப்போம். அந்தப் பெட்டியின் படம் மொத்தமே 256-க்கு 240 புள்ளிதான். அதை 13 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளி வருகிறது, அச்சுக்கு 300 வேண்டும். இல்லாத புள்ளியைச் சாஃப்ட்வேர் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து தானாகப் போட்டுக்கொள்கிறது, அந்தக் கலவைதான் உங்களுக்குப் பஞ்சாகத் தெரிகிறது. பெரிதாக்கும்போது "நியரெஸ்ட் நெய்பர்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். கிம்ப் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் அதன் பெயர் "நன்". முழு எண் மடங்கில்தான் பெரிதாக்க வேண்டும், நாலரை மடங்கு என்று போனால் சில கட்டம் பெரிதாகவும் சில கட்டம் சிறியதாகவும் நிற்கும்.

மாரியோ ஒல்லியாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. பெட்டி அனுப்பிய படத்தை டிவி பக்கவாட்டில் விரித்து, நாலுக்கு மூன்று என்ற திரை முழுக்கக் காட்டியது. நாம் கண்ணால் பார்த்தது அந்த விரிந்த படம்தான். ஆகவே அகலத்தில் 6 மடங்கு, உயரத்தில் 5 மடங்கு வையுங்கள். 1536-க்கு 1200 வரும், 300-ல் அச்சடித்தால் சரியாக 13 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலான உயரம். உங்கள் ஏ5 பக்கத்தில் ஓரம் விட்டு அழகாக உட்காரும். கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக் வேண்டவே வேண்டாம், கட்டங்களின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல வரும்.

நீலம் எப்போதும் தகராறுதான். திரையில் ஒளியால் வருகிற அந்த நீலத்தை அச்சின் நாலு மையில் (சியான் என்ற இளநீலம், மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கொண்டுவரவே முடியாது. தானாக மாற்றவிட்டால் மெஜந்தா கூடிப்போய் ஊதா அடிக்கும். சியானில் பாதிக்கு மேல் மெஜந்தா போகாமல் கையால் பிடியுங்கள், திரையில் பார்த்த அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, ஆனால் வானம் என்று நம்பும்படி இருக்கும். தாள் மஞ்சள் கலந்த நேச்சுரல் ஷேட் என்றால் மாற்றிவிடுங்கள், வெள்ளைத் தாள் எடுங்கள். ஆர்ட் பேப்பரில் கேம் படம் மின்னும், ஆனால் வாட்டர் கலருக்கு எனக்குப் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள்தான் பிடிக்கும்.

"கொ" உடைவது லேஅவுட் சாஃப்ட்வேரின் அமைப்பு. இன்டிசைனில் பாராகிராஃப் அமைப்புக்குப் போய் "வேர்ல்ட் ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் உடனே சேர்ந்துவிடும்.

மார்த்தாண்டம் டிவி மெக்கானிக்:

கறுப்புப் பட்டைக்கு நான் சொல்கிறேன். படக்குழாய் டிவி ஒரே நேரத்தில் முழுப் படத்தையும் காட்டுவதில்லை, மேலிருந்து கீழாக ஒரு கதிர் கோடு கோடாக எழுதிக்கொண்டே வருகிறது, நம் ஊர் முறையில் நொடிக்கு 50 தடவை. போன் கேமரா நூறில் ஒரு நொடியில் எடுத்தால் பாதிப் படம்தான் கிடைக்கும், மீதி கறுப்பு. போனில் புரோ மோடு போய் ஷட்டரை 1/25 நொடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள், 1/12 நல்லது. கை நடுங்கும், அதனால் ஸ்டாண்டில் வைக்கணும். ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். கேமில் ஆளும் ஓடக்கூடாது அல்லவா, ஸ்டார்ட் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு எடுங்கள்.

மெதுவான ஷட்டரில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்தப் பெட்டியால் ஒரு கோட்டில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. கூட்டம் அதிகமானால் மாற்றி மாற்றிக் காட்டும், கான்ட்ரா கேமில் குண்டு கண்ணைச் சிமிட்டியது போல வந்து போகுமே, அதுதான். வேகமாக எடுத்தால் சில உருவம் படத்தில் இருக்காது. படத்தில் அலை அலையாகக் கோலம் விழுந்தால் கேமராவை ஒரு சாண் பின்னால் தள்ளிப் பாருங்கள்.

கேசட்டை ஊதாதீர்கள்! நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான், ஆனால் வாய் ஈரம் செம்புப் பட்டையைப் பச்சை பிடிக்க வைக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், கடற்காற்று வேறு. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு சொருகுங்கள். அடாப்டர் மாற்றியிருந்தால் கூட்டல் கழித்தல் முனை பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் செருகாதீர்கள். அந்த ஒரு தப்பில் செத்துப்போன பெட்டிகள் என்னிடமே வந்திருக்கின்றன.

குளச்சல் மக்கா:

நான் குறுக்கே ஒன்று கேட்கிறேன், தப்பா நினைக்காதே மக்கா. 48 பக்கத்தில் எத்தனை பக்கம் கேம் திரை? மாரியோ ஜப்பானில் 1985-ல் வந்தது, அதன் முதல் கட்டம் எப்படி இருக்கும் என்று உன் அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், தேடினால் யாருக்கும் கிடைக்கும். உன் வீட்டுத் திண்ணை யாருக்கும் கிடைக்காது. எங்கள் வீட்டில் ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிற்கும், மலையாளத் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேம் ஆட வேண்டும் என்றால் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டி ஒயரைச் சொருகி, சேனல் திருகைச் சின்னதாகத் திருப்பித் திருப்பி, புள்ளி மழைக்கு நடுவிலிருந்து படம் வருகிற வரை யாரும் மூச்சுவிட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை சினிமா நேரத்துக்குள் ஒயரைத் திரும்ப மாட்டாவிட்டால் அம்மாவிடம் அடி. கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம், அதன் பெட்டியில் 9999 என்று போட்டிருக்கும், உள்ளே அதே ஆட்டம்தான் வேகத்தை மாற்றி மாற்றி வரும். இதையெல்லாம் வரை. திரைக்கு ஐந்தாறு படம் போதும்.

கோட்டார் டிடிபி:

இவர் சொல்வது சரி. திரையை நீங்களே கையால் வரைவதென்றால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக வரும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஒரு ஆளுக்கு மூன்றே நிறம். அந்தப் பெட்டியிலும் அப்படித்தான். மாரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வந்ததே அத்தனை சின்னக் கட்டத்துக்குள் முடியும் வாயும் வரைய முடியாததால்தான். இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா, அந்த கேமில் மேகமும் புதரும் ஒரே உருவம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. எனக்கு இது தெரிந்த அன்று திரும்பப் போய் ஒருமுறை ஆடிப் பார்த்தேன்.

தக்கலைத் தங்கை:

அண்ணாச்சி, மேகமும் புதரும் ஒன்று என்று இத்தனை வருஷம் தெரியாது! அது ஒரு பக்கமாகவே வரும், இன்றைக்கே வரைகிறேன். குளச்சல் அண்ணன் கேட்டதற்கு எண்ணிப் பார்த்தேன், கேம் திரைப் படங்கள் 22 பக்கம் இருந்தன. ஏழாகக் குறைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. அண்ணன் அன்று துப்பாக்கியோடு ஆடிய வாத்துச் சுடும் கேமைப் போன மாதம் சித்தி வீட்டு எல்இடி டிவியில் நானே ஆடி வீடியோ எடுக்கப் பார்த்தேன், ஒரு வாத்தும் விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா? அப்புறம், அட்டையில் மாரியோவை வரையலாமா?

மார்த்தாண்டம் டிவி மெக்கானிக்:

துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துண்டு முழுக் கறுப்பாகிறது, அடுத்து வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகிறது. கறுப்பில் ஒளி இல்லை, வெள்ளையில் ஒளி இருக்கிறது என்று துப்பாக்கி பார்த்தால் வாத்து விழும். பல்பைக் குறிவைத்து ஏமாற்றக்கூடாது என்றுதான் அந்தக் கறுப்பு. எல்இடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, தாமதமாகக் காட்டுகிறது, அதற்குள் கேம் பார்த்து முடித்துவிடும். பழைய டிவியில் ஆடிப் பாருங்கள். அந்தக் கறுப்பு, வெள்ளைக் கட்டம், விழும் வாத்து மூன்றையும் அடுத்தடுத்த மூன்று சின்னப் படமாக வரைந்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும்.

கோட்டார் டிடிபி:

அட்டையில் மாரியோ வேண்டாம். கேமின் பெயரை எழுதுவது, உள்ளே நினைவைச் சொல்லும் இடத்தில் காட்டுவது வேறு, இன்னொருவருடைய உருவத்தைப் புத்தகத்தின் முகமாக வைப்பது வேறு. இன்றைக்கு 50 பிரதி, நாளைக்கு யாராவது கேட்டு விற்பனைக்குப் போட்டால் சிக்கல். அட்டைக்கு உங்கள் டிவியும் ஒயரும் இரண்டு பிள்ளைகளின் முதுகும் போதுமே. 50 பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டலில் போடுங்கள். 48 நாலால் வகுபடுவதால் நடுவில் பின் அடித்துவிடலாம். கடைசிப் புரூஃபை அதே தாளில் கேட்டு வாங்குங்கள், வேறு தாளில் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள்.

தக்கலைத் தங்கை:

இரண்டாவது புரூஃப் வந்துவிட்டது, வெள்ளை மேப்லித்தோவிலேயே கேட்டு வாங்கினேன். கட்டங்கள் கத்தியால் வெட்டியது போல நிற்கின்றன, மாரியோ அவருக்குரிய குண்டு உடம்போடு வந்துவிட்டார். வானம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஊதா போய்விட்டது. 1/12-ல் எடுத்த டிவி படம் ஒன்றில் பட்டையே இல்லை, டிவி கண்ணாடியில் நான் குனிந்து நிற்பது நிழலாகத் தெரிகிறது, அதை அழிக்காமல் வைத்துவிட்டேன். துப்பாக்கி வேலை செய்கிறது, பழைய டிவியில் முதல் சுட்டிலேயே வாத்து விழுந்தது.

குளச்சல் அண்ணன் சொன்ன ஆன்டெனா இப்போது நடுப்பக்கத்தில், இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிறது. கூரை மேல் அண்ணன் கம்பியைப் பிடித்துத் திருப்புகிறார், கீழே ஜன்னல் வழியாக நான் "வந்துட்டு, வந்துட்டு... போயிட்டு" என்று கத்துகிறேன். அச்சகத்தில் பக்கம் மடிக்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்காக என்று கேட்டான். அவனுக்குப் பத்தொன்பது வயதுதான், விளக்கிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பைண்டிங் முடியும். சனிக்கிழமை அண்ணன் திருவனந்தபுரத்தில் இறங்குகிறார், முதல் பிரதியை ஏர்போர்ட்டுக்கே கொண்டுபோகிறேன்.