பெல் கிரான்ட் நிறுத்தம்: மேல்முறையீடு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நியூஜெர்சியில் சமுதாயக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளுக்குப் பெல் கிரான்ட் (அமெரிக்க அரசு மாணவர்களுக்குத் தரும் கல்வி உதவித்தொகை) நின்றுவிட்டது. மதிப்பெண்ணில் குறையில்லை, 4-க்குச் சராசரி 3.1, கேட்பதோ 2.0தான். ஆனால், எடுத்த கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) 67 சதவீதம் முடித்திருக்க வேண்டுமாம். குடல்வால் அறுவை சிகிச்சையால் பாதியில் விட்ட மூன்று பாடங்களுக்கு ‘டபிள்யூ’, அதாவது இடையில் விலகியதாகக் குறி, விழுந்தது. அவற்றையும் எடுத்த கணக்கில்தான் சேர்க்கிறார்கள். 24 கிரெடிட்டில் முடித்தது 15, அதாவது 62.5 சதவீதம். வயிற்றில் தையலோடு தேர்வு எழுதியிருக்க வேண்டும் போலும்!

உதவித்தொகையைத் திரும்பப் பெற மேல்முறையீடு செய்யலாம்; என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று அதற்கான கடிதத்தில் விளக்க வேண்டும். மருத்துவமனைச் சான்று கையில் இருக்கிறது. மேல்முறையீட்டில் வென்றவர்கள் சொல்லுங்கள்: வேறென்ன ஆவணம் இணைத்தீர்கள்? ஆலோசகரிடம் படிப்புத் திட்டம் எழுதி வாங்கி முதலிலேயே வைப்பது நல்லதா? முடிவு வருமுன் கட்டணக் கெடு வந்துவிட்டால் தவணை தருவார்களா?