எந்த வீட்டில் எந்த மரம்? கூந்தன்குளம் குடும்பங்களைப் பற்றி

நம் கூந்தன்குளம் ஊர்ச் சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் மலருக்காகக் குடும்ப வரலாற்றை எழுதி அனுப்பச் சொல்லி மஸ்கட் அண்ணாச்சி கேட்டிருந்தார். வந்த மடல்கள் அத்தனையையும் படித்தேன். யாருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார், யாருக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு நிலம் இருந்தது என்றெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்த வீட்டில் எந்த மரம் நின்றது, அதில் நாரை கூடு கட்டியதா என்று ஒருவர்கூட எழுதவில்லை. வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும் ஊர் நம்முடையது; அதை விட்டுவிட்டு நம் ஊர்க் குடும்பங்களின் கதையைச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கும் விருந்தாளிக்கு நாம் எப்படி வழி சொல்வோம்? புளியமரத்து வீடு, ரெட்டை வேம்பு வீடு என்றுதான். மார்கழி, தை வந்துவிட்டால் நாரைக் கூடுகளால் அந்த மரங்களில் இலை தெரியாது. முற்றம் முழுக்க எச்சம், கொடியில் துணி போட முடியாது, மீன் கவுச்சி வீட்டுக்குள் வரை வரும். கல்யாணமாகி வந்த புதுப்பெண்கள் முதல் வருஷம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்கள். மறு வருஷம் அதே மதினிதான், மரத்தில் கல் எறிந்த பையனைத் தெருமுனை வரை விரட்டிக்கொண்டு ஓடுவாள்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எங்கள் ஆச்சி கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து வைத்துக் காப்பாற்றுவாள். அயிரையும் கெண்டையும் வாங்கி வரச் சொல்லி என்னைக் குளத்துக்கரைக்கு அனுப்புவாள். எல்லாக் குஞ்சும் பிழைக்காது. பிழைத்தது ஒருநாள் ஓட்டுக்கூரை மேல் ஏறி நின்று இறக்கையை விரித்துப் பார்க்கும்போது, ஆச்சி அடுப்பைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வருவாள். முற்றத்தில் வாரிய எச்சமண் வயலுக்குப் போகும். குளத்துத் தண்ணீரிலும் அந்த உரம் கரைந்து மடை வழியாகப் பாயும். கோடையில் குளம் வற்றினால் அடியில் படிந்த கரம்பை மண்ணும் வண்டி வண்டியாக வயலுக்குத்தான். இதைப் பறவைப் பாசம் என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. அவை இருந்தால் விளைச்சல் உண்டு, அவை வந்தால் மழை உண்டு என்ற கணக்கும் சேர்ந்துதான் அவற்றைக் காத்தது.

மடல்களில் பலர் “வெளிநாட்டுப் பறவைகள்” என்று எழுதியிருந்ததையும் திருத்த வேண்டும். நம் முற்றத்து மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை இந்த நாட்டுப் பறவைதான். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அப்படித்தான். இமயமலையைத் தாண்டி வருவது வரித்தலை வாத்து. அது இங்கே முட்டையிடுவதில்லை, பனிக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். நாரைக்கோ நம் ஊர் பிறந்த ஊர். உச்சிவெயிலில் தாய்ப்பறவை கூட்டின் மேல் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதை நாம் எல்லோரும் திண்ணையில் இருந்தே பார்த்து வளர்ந்தவர்கள். குஞ்சு பறக்கும் வரை இரண்டு மாதத்துக்கு மேல் மீன் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே குளமும், கலைக்க ஆளில்லாத மரமும் வேண்டும். இரண்டும் நம்மிடம் இருந்தன.

குளம் பெருகினால்தான் இதெல்லாம் நடக்கும். நாங்குநேரிப் பக்கம் மழை குறைவு. 1950களில் மணிமுத்தாறு அணை கட்டிய பிறகு அதன் கால்வாய்த் தண்ணீர் ரீச் முறைப்படி, அதாவது கால்வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து, நம் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. அணையில் 118 அடி நிறைந்தால் சந்தோஷம். கால்வாய்த் தண்ணீர் வராத வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அதுவும் பொய்த்த வருஷங்களில் நாரை வந்து வட்டமடித்துவிட்டு வேறு குளம் பார்த்துப் போய்விடும்.

திருநெல்வேலிப் பக்கம் கூழைக்கடா குஞ்சு பொரிப்பதை ரேனியஸ் என்பவர் 1907-லேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். நம் குளத்தையும் காடன்குளத்தையும் சேர்த்து ஏறத்தாழ 129 ஹெக்டேரை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-ல். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. இவை பெருமைதான், மலரில் போட வேண்டும். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்தது நம் வீடுகள். அந்த வீடுகளின் கதைக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும்.

சரி, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியபோது கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பின்முற்றத்து வேம்பை வெட்டச் சொன்னது நான். ஷார்ஜாவிலிருந்து போனிலேயே சொன்னேன். ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தை மாதம் கட்டிலைப் பக்கத்து வீட்டுச் சித்தி முற்றத்துக்கு மாற்றிக்கொண்டாள் என்று அம்மா பிறகு சொன்னார்கள். வருஷத்தில் பதினைந்து நாள் நிற்கும் காருக்காக அதைச் செய்தேன். இப்போதும் மனது ஆறவில்லை. இன்று வெளியூரில் இருந்துகொண்டு வீடு கட்டுகிற தம்பிமார்கள் தயவுசெய்து வரைபடத்தில் முதலில் மரத்தைக் குறியுங்கள். அப்புறம் சுவரைப் போடுங்கள்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மரம் எது, யார் வைத்தது, எந்த வருஷம் வரை கூடு இருந்தது என்று கேட்டு எழுத வேண்டும். ஊரில் இருக்கும் ஆச்சிமார்களிடம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் நான் எழுதித் தருகிறேன். என் பங்குக்கு வருகிற ஐப்பசி மழைக்கு முன் பின்முற்றத்தில் மறுபடி வேம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் சந்தேகம் எனக்கே இருக்கிறது. தெற்குத் தெரு முக்கில் நின்ற பெரிய புளி விழுந்தது 1992 வெள்ளத்துக்கு முன்பா, பின்பா? அம்மா ஒன்று சொல்கிறார்கள், சித்தி ஒன்று சொல்கிறார்கள். அந்த மரத்தடியில் கோலி விளையாடியவர்கள் யாராவது பதில் போடுங்கள்.